மகள் எதிரில் நான் பேசலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். லோரி எண்ணை வாக்கி டாக்கியில் சொல்வதுதான் பெரிய தொல்லை. முதல் எழுத்தான 'ஏ' வெளியே வராது, தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் கோவில் பஜனையில் மணிக்கணக்காகப் பாடுவேன், ஓர் இடத்தில்கூடத் திக்காது. என் மகளுக்கு மூன்றரை வயது. நான்கு மாதமாக அவளும் 'பா பா பா பால்' என்கிறாள். என்னைப் பார்த்துத்தான் பிள்ளை பழகிவிட்டது, அதன் எதிரில் பேசாதீர்கள் என்று என் அத்தை (மனைவியின் அம்மா) சொல்லிவிட்டார். பிள்ளையின் நாக்கில் வசம்பும் தேய்க்கிறார். நானும் இப்போது வீட்டில் அதிகம் வாய் திறப்பதில்லை. பாலர் பள்ளி ஆசிரியையோ, தமிழை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்கிறார். டாக்டர், இது ஒட்டிக்கொள்ளுமா? பாடும்போது காணாமல் போகிற திக்கல் பேசும்போது ஏன் வருகிறது? எல்லாம் பயம்தான் என்கிறார்களே, உண்மையா?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திக்கினாலும் பேசுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். திக்கல் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பழகிக்கொள்வது இல்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் போல நடித்துக் காட்டும்தான். தாத்தா இருமுவதைப்போல் இருமும், அப்பா நடப்பதைப்போல் நடக்கும், சிரித்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடும். பாலைக் கேட்கிற அவசரத்தில் உதடு ஒட்டிக்கொண்டு தவிப்பது அந்த வகை இல்லை. உங்கள் குரலைக் கேட்டதால் அவளுக்குத் திக்கல் வரவில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அது போகப் போவதும் இல்லை. அப்பா ஏன் இப்போதெல்லாம் பேசமாட்டேன் என்கிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, பேச்சு சிகிச்சையாளர். ஊசி மருந்து எதுவும் என்னிடம் கிடையாது. திக்கலைக் குணமாக்கும் மாத்திரை என்று யாராவது விற்க வந்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கொள்ளாது, சரி. ஆனால் மரபில் வருமா? வரலாம். திக்கல் உள்ளவர்களின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குத் திக்கல் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, மற்ற இரட்டையரைவிட அதிகம். 2010இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தார், திக்கல் பல தலைமுறையாகத் தொடரும் பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கி ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை வெளியிட்டார்கள். எல்லாருடைய திக்கலுக்கும் அந்த மூன்றே காரணம் என்று ஆகாது, ஆனாலும் இது உடம்போடு வந்த சங்கதி என்பதற்கு அது நல்ல சாட்சி. உங்கள் மகளுக்கு உங்கள் மூக்கு வந்திருந்தால் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டீர்கள் அல்லவா? இதையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

இப்போது பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். அதற்கு விடை சொல்ல, 'பால்' என்ற சின்னச் சொல் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நெஞ்சிலிருந்து காற்று மேலே வருகிறது. அதற்கு முன்பே உதடு இரண்டும் மூடிக் காற்றைத் தடுத்து நிற்கின்றன. பின்னால் அழுத்தம் ஏறுகிறது. உதடு பிரிந்ததும் தொண்டையிலுள்ள குரல் நாண்கள் இரண்டும் சேர்ந்து அதிரத் தொடங்குகின்றன. உங்களைப் போன்ற ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்கு மேல், பெண்களுக்கு ஏறக்குறைய 200 முறை, உங்கள் மகள் வயதில் அதைவிடவும் அதிகம். அந்த நேரத்தில் தாடை இறங்கி, நாக்கு கீழே படுத்து 'ஆ'வுக்கு இடம் கொடுக்கிறது. அது முடிவதற்குள் நாக்கின் நுனி எழும்பி மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொடுகிறது, பக்கவாட்டில் காற்று போக வழி விட்டுக்கொண்டே. இவ்வளவும் அரை நொடிக்குள். சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகள் இப்படி வரிசையாகப் பிறக்கின்றன. நெஞ்சு, வயிறு, தொண்டை, முகம், நாக்கு என்று சுமார் 100 தசைகள் இதில் கைகோக்கின்றன. நாம் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை, யோசித்தால் பேசவும் முடியாது.

திக்கல் உள்ளவருக்கு இந்தத் தசைகளில் ஒரு குறையும் இல்லை. அதே உதட்டால் விசில் அடிப்பார், அதே நாக்கால் நண்டு ஓட்டிலிருந்து சதையை எடுப்பார். என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் எடைமேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். லோரி நிற்கிறது, குலை ஏற்றியாகிவிட்டது, இஞ்சின் ஓடுகிறது, சாலையும் காலி. ஆனால் 'போகலாம்' என்கிற விளக்கு எரியவில்லை, அல்லது ஒரு கணம் தாமதமாக எரிகிறது. ஓட்டுநர் மேல் என்ன தப்பு? மூளையில் அந்த விளக்கை ஏற்றும் வேலையைச் செய்வது, ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா (basal ganglia) என்ற பகுதியும், அதோடு இணைந்து அசைவுகளைத் தொடங்கி வைக்கும் மேற்பரப்புப் பகுதியும். அடுத்த ஒலி, அடுத்த ஒலி என்று நேரம் குறித்துக் கொடுப்பது இந்தச் சுற்றுதான். திக்கல் உள்ளவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பேச்சைத் திட்டமிடும் இடத்தையும் வாயை அசைக்கும் இடத்தையும் இணைக்கும் இடப்பக்க நரம்பிழைகளில் வேறுபாடு தெரிகிறது. சின்னப் பிள்ளைகளிடமும் தெரிகிறது.

விளக்கு தாமதமானால் மூன்று விதத்தில் வெளியே தெரியும். உங்கள் மகள் போல முதல் அசையைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. 'ம்ம்ம்மாமா' என்று ஓர் ஒலியை இழுப்பது இன்னொன்று. மூன்றாவது உங்களுடையது, அடைப்பு. சத்தமே வராது. பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், உள்ளே இருப்பவருக்குத்தான் அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

'ஏ' உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? அது உயிரெழுத்து. உதடோ நாக்கோ முதலில் எதையும் செய்ய வேண்டாம், வேலை நேராகக் குரல் நாண்களில் தொடங்குகிறது. அவை அளவாகச் சேர்ந்து அதிர வேண்டிய இடத்தில், இறுக மூடிக்கொள்கின்றன. கீழிருந்து நீங்கள் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகும். அதைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறீர்கள். போதாததற்கு பேராக் வண்டி என்றாலே பதிவு எண் 'ஏ'யில்தான் தொடங்கும். மற்ற சொல் என்றால் திக்கல் உள்ளவர்கள் மாற்றிச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். கோப்பிக்கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்க ஆசைப்பட்டு, 'தே' வராது என்று தெரிந்து, பிடிக்காத கோப்பியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்கள் நிறையப் பேர். வண்டி எண்ணை மாற்றிச் சொல்ல முடியுமா? தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்தவுடனேயே இறுக்கம் கூடிவிடுகிறது.

பஜனையில் இது எதுவும் இல்லை. தாளத்தைத் தாளக்காரர் கொடுக்கிறார், எப்போது தொடங்க வேண்டும் என்பதை உங்கள் மூளை தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. உயிரெழுத்துகள் நீள்கின்றன, குரல் அறுபடாமல் ஓடுகிறது, அதனால் நாண்களை நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் வேலை குறைகிறது. வரிகள் மனப்பாடம், புதிதாகச் சொல் தேட வேண்டாம். சுற்றிப் பத்துப் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தாலே பெரும்பாலானவர்களுக்குத் திக்கல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். வேண்டுமானால் உங்கள் மனைவியோடு சேர்ந்து நாளிதழில் ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பாருங்கள். பாட்டுக்கு வாய் ஒத்துழைக்கிறது என்பதால் 'மனசு வைத்தால் பேசலாம்' என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்று விட்டுவிடுங்கள். பாட்டைப் போலவே இழுத்துப் பேசி நாள் முழுக்க ஓட்டலாமா என்றும் சிலர் கேட்பார்கள். முடியாது தம்பி. கேட்பவருக்கும் வினோதமாக இருக்கும், கொஞ்ச நாளில் அதன் பலனும் தேய்ந்துவிடும்.

பயம் காரணமில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் திக்கல் வரும் என்பதும் தவறு. பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில், பிள்ளை சின்னச் சின்ன வாக்கியங்களைக் கோக்கத் தொடங்கும் காலத்தில்தான் இது தலைகாட்டுகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு மேடை பயம் ஏது? பயம் பின்னால் வந்து சேர்வது. வகுப்பில் சிரித்திருப்பார்கள், பெயரைக் கேட்டதும் வாய் அடைத்திருக்கும், தொலைபேசியில் எதிர்முனை வைத்துவிட்டுப் போயிருக்கும். அந்த நினைவு சேரச் சேர, அடுத்த தடவை வாயைத் திறப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. கண்ணை இறுக்குவது, தலையை ஆட்டுவது, காலைத் தட்டுவது எல்லாம் அப்படி ஒட்டிக்கொண்டவை. அதனால் பயத்துக்குத் திக்கலைக் கூட்டும் சக்தி உண்டு, உண்டாக்கும் சக்தி கிடையாது.

இனி மகள். சின்னப் பிள்ளைகளில் ஏறக்குறைய 100க்கு 5 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குவார்கள். பெரியவர்களில் 100க்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. அதாவது நாலில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் தானாகவோ பயிற்சியாலோ வெளியே வந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட அதிகமாக வெளியே வருகிறார்கள். வளர்ந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கு அதனால்தான். இவை உங்கள் மகளுக்குச் சாதகம். பாதகமானது ஒன்று: நெருங்கிய உறவில் ஒருவருக்கு, அதாவது உங்களுக்கு, திக்கல் வளர்ந்த பிறகும் நிலைத்திருக்கிறது. அதனால் 'வளர்ந்தால் போய்விடும்' என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். வேறு வீடாக இருந்தால் இன்னும் சில மாதம் பார்க்கலாம் என்றிருப்பேன். நீங்கள் இப்போதே போங்கள்.

எங்கே? ஊரில் உள்ள அரசு சுகாதார கிளினிக்குக்கு, தடுப்பூசி போடும்போது கொண்டுபோகும் மகளின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு. தாதியிடம், திக்கலுக்காகப் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் கடிதம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். 'சின்னப் பிள்ளைதானே' என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், குடும்பத்தில் திக்கல் உண்டு என்று சொல்லுங்கள், அந்த ஒரு வரி போதும். உங்களுக்குப் பக்கம் ஈப்போ பெரிய மருத்துவமனைதான். நம் நாட்டில் இந்தத் துறைக்கான பட்டப்படிப்பே 1995இல்தான் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஆள் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை, காத்திருக்க வேண்டி வரலாம். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் போங்கள். இந்த வயதில் பாதி வேலையைச் செய்யப்போவது பெற்றோர்தான், வழி காட்டுகிறவர் மலாயில் காட்டினால் என்ன? போவதற்கு முன் மகள் விளையாடும்போது, சாப்பிடும்போது கைப்பேசியில் சில காணொளிகள் எடுத்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்காது, அல்லது அன்றைக்கென்று ஒரு திக்கும் இல்லாமல் பேசி உங்களைப் பொய்யராக்கும்.

அங்கே இரண்டு வகையில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, வீட்டின் பேச்சு வேகத்தையும் பரபரப்பையும் குறைத்துப் பிள்ளையின் மேல் உள்ள பாரத்தை இறக்குவது. இன்னொன்று ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் லிட்கம் பகுதியில் உருவாகி அதே பெயரில் வழங்கும் முறை. தினமும் சிறிது நேரம் விளையாட்டோடு பேசி, திக்காமல் வந்த பேச்சைப் பெற்றோர் அளவாகப் பாராட்டுவார்கள். வாரந்தோறும் சிகிச்சையாளர் அதைச் சரிபார்ப்பார். காணொளியைப் பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம், பாராட்டு அளவு மீறினால் பிள்ளைக்கு அதுவே சுமை. நெதர்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றரை ஆண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அதனால் எது கிடைக்கிறதோ அதில் மனம் ஒப்பிச் சேருங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பது எனக்கும் யோசனைதான். பேத்தி மேல் உள்ள அக்கறையில் செய்கிறார், சண்டை வேண்டாம். ஆனால் வசம்பை இன்றோடு நிறுத்த வேண்டும். நாக்கில் கோளாறே இல்லாதபோது நாக்கில் எதைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது? அதோடு வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் சோதனை விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதை 1968இலேயே தடை செய்துவிட்டார்கள். மூன்றரை வயதுப் பிள்ளையின் வாயில் தினமும் வைக்கிற பொருள் இல்லை அது. 'கிளினிக்கில் வேண்டாம் என்கிறார்கள்' என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், தாங்கிக்கொள்வோம்.

'நிறுத்தி நிதானமாச் சொல்லு', 'மூச்சை இழுத்துட்டுச் சொல்லு' என்று வீட்டில் யாராவது திருத்துகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. திருத்தினால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து அயோவா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் பேசிய சிலரிடம்கூட உன் பேச்சு சரியில்லை, திக்காதே, திருத்திக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குவாயர்களாக மாறவில்லை, ஆனால் பேசவே கூசி ஒதுங்கிப்போனார்கள். அதற்காக அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. பேச்சைத் திருத்தத் திருத்தப் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும், இதை நான் சிகிச்சை அறையில் உட்கார்ந்தும் பார்க்கிறேன்.

அவள் திக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டாம். அவள் கேட்டது பாலா, பாலைப் பற்றிப் பதில் சொல்லுங்கள். உங்கள் பேச்சில் இடையிடையே ஒரு நிறுத்தம் விட்டால் அவளும் அந்த நடைக்கு வருவாள், சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். அவளே 'வாய் வரமாட்டேங்குது' என்று அழுதால் மட்டும், 'ஆமாம்மா, சில சொல்லு ஒட்டிக்கும், அப்பாவுக்கும் அப்படித்தான், மெதுவா வரும்' என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். இதை அவளுக்குச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் அந்த வீட்டில் யார் இருக்கிறார்? அவள் எதிரில் உங்களுக்கு அடைத்துக்கொண்டால் முகத்தைத் திருப்பாதீர்கள், சொல்லை விட்டுவிட்டு ஓடாதீர்கள். வந்து முடியட்டும்.

மொழி விஷயத்தில் ஆசிரியை சொன்னதை ஏற்க வேண்டாம். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருவதில்லை. அப்படி வருமென்றால் மலேசியாவில் பாதி நாடு திக்க வேண்டும். வீட்டில் உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள், அது தமிழ் என்றால் தமிழ். ஆசிரியையிடம் வேறு ஓர் உதவி கேளுங்கள்: மகளைப் பேசச் சொல்லும்போது அவசரப்படுத்த வேண்டாம், மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

கடைசியாக நீங்கள். உங்களுக்காக ஒரு வரிகூடக் கேட்காமல் கடிதத்தை முடித்துவிட்டீர்கள். 32 வயதில் திக்கலை முழுக்கத் துடைத்தெறியலாம் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், கொடுப்பவரிடம் போகவும் வேண்டாம். ஆனால் அடைப்பைத் தளர்த்தலாம். 'ஏ'க்கு முன் மூச்சை நிறைய இழுத்துத் தள்ளுவதற்குப் பதிலாக, சாதாரண மூச்சில் கொஞ்சம் காற்றை 'ஹ' என்பதுபோல் ஓட விட்டு, அந்த ஓட்டத்தின் மேலேயே குரலை மெல்ல ஏற்றிப் பழகுவது ஒரு முறை. அடைத்த பிறகு, இன்னும் தள்ளாமல் அந்த இடத்திலேயே இறுக்கத்தை விட்டு நழுவி வெளியே வருவது இன்னொன்று. வேண்டுமென்றே லேசாகத் திக்கிக் காட்டும் பயிற்சியும் உண்டு. கேட்க வேடிக்கையாக இருக்கும், மறைக்க வேண்டும் என்ற தவிப்பை அது நன்றாகக் குறைக்கும். தனியறையில் வந்துவிடும், வாக்கி டாக்கியில் வர நாளாகும், அதனால் ஆள் துணையோடு பழகுவது நல்லது. மறுமுனையில் இருக்கும் சக ஊழியரிடம் 'எனக்குத் திக்கும், எண் வர ரெண்டு நொடி ஆகும், லைனை வெட்டாதீங்க' என்று ஒரு தடவை சொல்லிவிட்டாலும் பாதி இறுக்கம் போய்விடும்.

பேச்சு சிகிச்சை பெரியவர்களுக்கும் உண்டு. மகளுக்குக் கடிதம் கேட்கிற அன்றைக்கே உங்கள் பெயரிலும் ஒன்று கேட்டு வாங்குங்கள். தேதியை ரொம்பத் தள்ளிக் கொடுத்தால், அதுவரை வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது, மகள் எந்த நேரத்தில் அதிகமாகத் திக்குகிறாள், கண்ணை முகத்தை இறுக்குகிறாளா என்ற இரண்டையும் குறிப்பிடுங்கள்.